வரி பில்லின் கீழ்ப்பாதி

செனாய்தா போர்ட்டாலெஸின் வீட்டு ஜன்னல்களை அளக்க நான் போனபோது அவருக்கு எழுபத்தொன்று முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. மீதமிருந்த கேக்கில் ஒரு துண்டையும் விரலளவுக் கோப்பையில் காப்பியையும் கொடுத்த பிறகுதான் டேப்பைப் பையிலிருந்து எடுக்க விட்டார். ஃப்ளோரிடாவின் ஹயலியாவில், நான்காவது அவென்யூவுக்குப் பின்னால் இருந்த சின்ன வீடு அது. நீச்சலுடை தைக்கும் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் மிஷின் முன்னால் உட்கார்ந்து சம்பாதித்து வாங்கியது. வங்கிக் கடன் எப்போதோ அடைந்துவிட்டது. கணவர் போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டிலிருந்து தன்னைப் படுத்த வாக்கில்தான் வெளியே எடுத்துப்போக முடியும் என்று, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

இர்மா புயல் வந்துபோன அடுத்த வருடம், மார்ச் மாதம் அது. இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. வீட்டு ஜன்னல்கள் எல்லாம் பழைய அலுமினியம். கைப்பிடியைச் சுற்றினால் பட்டை பட்டையாகத் திறக்கும் வகை. நூற்றிருபது நாளுக்குள் புயல் தாங்கும் ஜன்னல்களாக மாற்றாவிட்டால் பாலிசியைப் புதுப்பிக்க மாட்டோம் என்று எழுதியிருந்தார்கள். புயலையும் இன்சூரன்ஸ் இல்லாத வீட்டையும் ஒன்றாக நினைத்துப் பார்க்க அவரால் முடியவில்லை. தெருவில் துண்டுச்சீட்டு கொடுத்துக்கொண்டிருந்த யோஸ்வெலை அவரே கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்துவிட்டார். யோஸ்வெல் எங்கள் கம்பெனியின் விற்பனையாள். இருபத்தேழு வயது, மணக்க மணக்க சென்ட் போட்டிருப்பான், கையில் எப்போதும் ஒரு டேப்லெட். நான் அளப்பேன், படம் போடுவேன், பிறகு பொருத்துவேன். ஒரு ஜன்னலுக்கு எண்பத்தைந்து டாலர்.

அந்தக் கண்ணாடியைப் பற்றிப் பேசக் கிடைக்கும் சந்தர்ப்பத்தை நான் விடுவதில்லை. புயலில் ஒரு ஜன்னல் உடைந்தால், காற்று அதன் வழியாக உள்ளே புகுந்து, வெளியேற வழியில்லாமல் கூரையைக் கீழிருந்து தூக்குகிறது. மேலே போகும் காற்று ஏற்கெனவே கூரையை இழுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கூரை போய்விடும். ஆகவே ஜன்னல் உடையாமல் இருக்க வேண்டியதில்லை. உடைந்தாலும் திறந்துகொள்ளாமல் இருந்தால் போதும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டிவிடுகிறார்கள். சோதனைக் கூடத்தில் நான்கு கிலோ மரக்கட்டையை ஒரு குழாயிலிருந்து அதன்மேல் சுடுவார்கள். கண்ணாடி சிலந்தி வலை மாதிரி நொறுங்கும், ஆனால் சட்டத்தை விட்டு வராது.

செனாய்தா பாதியிலேயே பிடித்துக்கொண்டார். "சட்டைக் காலருக்குள்ள கேன்வாஸ் வெச்சு இஸ்திரி போட்டு ஒட்டுவோமே, அது மாதிரி" என்றார். "துணி கிழிஞ்சாலும் காலர் நிக்கும்."

பதினைந்து வருடத்தில் யாரும் அதை அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. சட்டத்தைச் சுவரில் பிடிக்கும் ஸ்க்ரூக்கள் எத்தனை அங்குலத்துக்கு ஒன்று, அவை கான்கிரீட்டுக்குள் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும், வெயிலின் சூட்டை மட்டும் திருப்பி அனுப்பும் பூச்சு கண்ணாடியின் எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று அரைமணி நேரம் பேசினேன். யோஸ்வெல் என் பேச்சு முடியும்வரை கால்மேல் கால் போட்டுக் காத்திருந்தான். என் விளக்கம் முடிந்தால் அவன் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

பன்னிரண்டு ஜன்னல்கள். கையில் காசு கொடுத்து வாங்க அவரால் முடியாது. மாதம் ஆயிரத்து அறுபது டாலர் ஓய்வூதியம் வருகிறது, அவ்வளவுதான். யோஸ்வெல் கவலைப்படாதீர்கள் என்றான்.

அவன் விற்ற ஏற்பாடு இப்படி. ஒரு நிதி கம்பெனி ஜன்னலுக்கான பணத்தை எங்கள் கம்பெனிக்குக் கொடுத்துவிடும். வீட்டுக்காரர் அதை இருபது வருடத்தில் வட்டியோடு திருப்ப வேண்டும். ஆனால் அந்தத் தவணை வங்கிக் கடன் மாதிரித் தனியாக வராது. வருடம் ஒருமுறை வரும் சொத்து வரி பில்லிலேயே ஒரு வரியாகச் சேர்ந்து வரும். வசூலிப்பது வரி அலுவலகம். கடன் வீட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் கடன் வாங்குபவரின் சம்பளம் என்ன, இதை அவரால் கட்ட முடியுமா என்று யாரும் துருவிக் கேட்பதில்லை. வீடு அவர் பெயரில் இருக்கிறதா, இதுவரை வரியை ஒழுங்காகக் கட்டியிருக்கிறாரா என்று பார்ப்பார்கள். செனாய்தா கட்டியிருந்தார். நவம்பரில் கட்டினால் நான்கு சதவீதம் தள்ளுபடி உண்டு. ஒவ்வொரு வருடமும் நவம்பர் முதல் வாரத்தில் வரிசையில் நிற்கும் ஆள் அவர்.

பழைய பில்லை அலமாரியிலிருந்து எடுத்துவந்து யோஸ்வெல் முன்னால் வைத்தார். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு டாலர். அந்தத் தெருவில் அவ்வளவு குறைவாக வரி கட்டுபவர் வேறு யாரும் இல்லை என்பதில் அவருக்குப் பெருமை. ஃப்ளோரிடாவில் சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கு, வரிக்காகப் போடும் மதிப்பு வருடத்துக்கு மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ரொம்ப நாளாக ஒரே வீட்டில் இருப்பவர்கள் தங்கள் பிறந்த தேதி மாதிரி அதைச் சொல்வார்கள்.

"இது வரி பில்லோட வருமா?" என்று கேட்டார் செனாய்தா.

"வரி பில்லோடயேதான் வரும், ராணி. தனியா ஒரு பில்லும் கிடையாது." எல்லாப் பெண்களையும் அவன் ராணி என்றுதான் கூப்பிடுவான்.

"ராணியெல்லாம் உன் வீட்டுல. அப்போ மூணு சதவீதத்துக்கு மேல ஏறாது."

யோஸ்வெல் ஆமாம் என்று சொல்லவில்லை. சிரித்தான். "நீங்க என்னைவிட விவரமா இருக்கீங்களே" என்றான்.

நான் கூடத்து ஜன்னலின் மூலைக்கு மூலை அளந்துகொண்டிருந்தேன். இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவாக இருந்தால்தான் சுவரில் விட்ட இடம் சரியான செவ்வகம்; பழைய வீடுகளில் அநேகமாக இருக்காது. அதைக் குறித்துக்கொண்டே அவர்கள் பேசியதைக் கேட்டேன். செனாய்தா நினைத்தது தவறு என்று எனக்குத் தெரியும்.

அந்த பில்லில் இரண்டு பாதிகள் உண்டு. மேல்பாதி வீட்டின் மதிப்பை வைத்துப் போடும் வரி. பள்ளிக்கு, நகரத்துக்கு, நூலகத்துக்கு என்று பிரிந்து இருக்கும். மூன்று சதவீத வேலி, முதியோர் சலுகை எல்லாம் அந்தப் பாதிக்கு மட்டும். கீழ்ப்பாதியில் மதிப்போடு சம்பந்தமில்லாத கட்டணங்கள் வரும். குப்பை எடுப்பதற்கு இவ்வளவு, மழைநீர் வடிகாலுக்கு இவ்வளவு. அவை சின்னத் தொகைகள் என்பதால் யாரும் கீழே படிப்பதில்லை. ஜன்னல் தவணை அங்கேதான் உட்காரும். அதற்கு வேலியும் கிடையாது, சலுகையும் கிடையாது. கட்டாவிட்டால், குப்பைக் காசாக இருந்தாலும் ஜன்னல் காசாக இருந்தாலும், வரி கட்டாதவர் என்றுதான் பெயர்.

இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். பில் மேஜையில் விரித்தே கிடந்தது. விரலை வைத்துக் காட்டியிருக்கலாம். அளக்க வருகிறவன் பணத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத விதி. பன்னிரண்டை எண்பத்தைந்தால் பெருக்கினால் ஆயிரத்து இருபது என்பதும் என் மனதில் இருந்தது. நான் சமையலறை ஜன்னலை அளக்கப் போய்விட்டேன்.

அங்கே செனாய்தா பின்னாலேயே வந்து, பின்போர்ஷனையும் அளந்துகொள்ளச் சொன்னார்.

ஹயலியாவில் பாதி வீடுகளுக்குப் பின்போர்ஷன் உண்டு. முன்பு திறந்த தாழ்வாரமாக இருந்ததை யாரோ ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவர் வைத்து அடைத்து, அடுப்பும் குளியலறையும் போட்டிருப்பார். நகர அலுவலகத்து ஆவணத்தில் அது இன்றைக்கும் தாழ்வாரம்தான். அந்த இடத்தில் தனிக் குடித்தனம் வைக்கச் சட்டத்தில் இடமில்லை. கியூபாவிலிருந்து புதிதாக வருகிறவர்கள் முதல் வருடத்தை அப்படி ஒரு அறையில்தான் கழிக்கிறார்கள், நானும் கழித்தேன். செனாய்தாவின் பின்போர்ஷனில் துன்யா என்ற பெண்ணும் அவள் கணவனும் கைக்குழந்தையும் இருந்தார்கள். மாத வாடகை எண்ணூற்றைம்பது. ஓய்வூதியத்தோடு அதுவும் சேர்ந்தால்தான் செனாய்தாவின் மாதம் முடியும்.

பின்னால் இரண்டு ஜன்னல்கள். ஜன்னல் போடுகிறவர்கள் பின்போர்ஷனைப் படத்தில் காட்டுவதில்லை என்பதை அவரிடம் சொன்னேன். படம் பெர்மிட்டுக்காக நகர அலுவலகத்துக்குப் போகும். வேலை முடிந்ததும் இன்ஸ்பெக்டர் அதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வருவார். பெர்மிட்டில் இல்லாத ஜன்னலுக்கு நிதி கம்பெனி பணம் தராது. அப்படியானால் இந்த இரண்டுக்கும் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும், மூவாயிரத்து நானூறு.

"அவ்வளவு எங்க போறது?" என்றார். "முன்னாடி நான் கோட்டைக்குள்ள தூங்குவேன், பின்னாடி அந்தக் குழந்தை தகரத்துக்குப் பின்னாடி தூங்குமா? ஒரே கூரைதானே, மகனே. அங்க காத்து புகுந்தா இங்கயும் தூக்கும்னு நீதானே சொன்னே."

நான்தான் சொன்னேன். யோஸ்வெலைக் கேட்டேன். பதினான்காகப் போட்டுவிடு, இன்ஸ்பெக்டர் வரும் நாளில் எல்லாரும் செய்வதைச் செய்துகொள்ளலாம் என்றான்.

கையெழுத்து டேப்லெட்டில் விரலால் நடந்தது. பிறகு நிதி கம்பெனியிலிருந்து சரிபார்க்கும் போன் வந்தது, ஸ்பீக்கரில் போட்டான். ஒரு பெண் குரல் வேகமாக ஒவ்வொன்றாகக் கேட்க, செனாய்தா பதினொரு முறை ஆமாம் என்றார். வருடத்துக்கு மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு டாலர் என்று அந்தக் குரல் சொல்லவும் செய்தது. அவர் அதைக் கேட்டார். போனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பி, "அது அவங்க கணக்கு. சட்டம் விடாது" என்று சொல்லிக் கண்ணடித்தார். கம்பெனியை ஏமாற்றிவிட்டதாக அவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். நான் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன்.

படத்தை அன்று மாலையே என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் போட்டேன். வீட்டின் வரைபடம், அதில் ஒன்று முதல் பதினான்கு வரை எண்கள், கீழே ஒரு அட்டவணை. எண், அகலம், உயரம், கண்ணாடி வகை, அறை. எல்லா அறைக்கும் பெயர் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. படுக்கையறைக்கு எழுத வேண்டும். தீப்பிடித்தால் ஆள் வெளியேறும் அளவு ஜன்னல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். குளியலறைக்கும் எழுத வேண்டும். தொட்டிக்குப் பக்கத்தில் வரும் கண்ணாடி, வழுக்கி விழுந்தால் அறுக்காத வகையாக இருக்க வேண்டும். மற்ற கட்டங்களைக் காலியாக விடலாம். ஆனால் காலிக் கட்டம் என் கண்ணை உறுத்தும். பதிமூன்றுக்கு எதிரில் 'குளியலறை 2' என்று எழுதினேன். பதினான்குக்கு எதிரில் 'சமையலறை 2' என்று எழுதினேன்.

ஜூனில் பொருத்தினோம். இரண்டு நாள் வேலை. கடைசி ஜன்னலை மூடியதும் தெருச் சத்தம் கத்தரித்த மாதிரி நின்றது. செனாய்தா கூடத்தின் நடுவில் நின்று, கடிகாரம் ஓடுவது கேட்கிறது என்றார். அந்தக் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பதே அவருக்குத் தெரியாதாம். எங்கள் எல்லாருக்கும் பொட்டலம் பொட்டலமாக, இறைச்சியை அரைத்து உருட்டிய க்ரொக்கெட்டா பொரித்துக் கொடுத்தார்.

இன்ஸ்பெக்டர் வரும் நாளில் எல்லாரும் செய்வது எங்கள் ஊரில் ஒரு சடங்கு மாதிரி. முதல் நாளே பின்போர்ஷனின் அடுப்பு பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். கட்டில் சுவரோரம் நிமிர்ந்து நிற்கும். குடியிருப்பவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏதாவது கடைக்குள் பகலைக் கழிப்பார்கள். துன்யா அப்படியே செய்தாள். அடுப்பு இருந்த இடத்தில் செனாய்தா தன் தையல் மிஷினைப் போட்டு, ஒரு திரைச்சீலையை விரித்து, உண்மையாகவே தைக்க உட்கார்ந்துவிட்டார். குளியலறைக்குள் துவைக்கும் மிஷினும் அட்டைப் பெட்டிகளும் அடைத்திருந்தன. நான் முன்வாசலில் ஏணியோடு காத்திருந்தேன்.

இன்ஸ்பெக்டர் எவெலியோ ஐம்பது வயதுக்காரர், வியர்த்துக்கொண்டே இருப்பவர். ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து மூடிப் பார்த்தார். ஸ்டிக்கரில் இருந்த எண்ணைப் படத்தோடு ஒப்பிட்டார். ஸ்க்ரூக்களுக்கு நடுவில் டேப் வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு வரை ஒரு குறையும் இல்லை. இவ்வளவு சுத்தமான படத்தை இந்த வருடம் பார்க்கவில்லை என்று என்னிடம் சொன்னார். எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சியாக இருந்தது.

பின்னால் போனோம். தைத்துக்கொண்டிருந்த செனாய்தாவுக்கு வணக்கம் சொன்னார். பதினான்காம் ஜன்னலைத் திறந்து மூடினார். பிறகு காகிதத்தைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார்.

"இது சமையலறைன்னு போட்டிருக்கு" என்றார்.

"தையல் அறை" என்றார் செனாய்தா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எவெலியோ தையல் மிஷினுக்குப் பின்னால் குனிந்தார். சுவரில் அடுப்புக்கான பெரிய பிளக் பாயின்ட் இருந்தது. அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். போய்க் குளியலறைக் கதவைத் திறந்தார். பெட்டிகளுக்கு மேலே ஷவர் குழாய் தெரிந்தது.

அவர் கெட்டவர் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்தக் காகிதத்துல இப்படி எழுதலேன்னா நான் இங்க ரெண்டு நிமிஷம்கூட நின்னிருக்க மாட்டேன், அம்மா" என்றார். "இதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடணும். ரெண்டாவது சமையலறைல ஜன்னல் சரின்னு போட்டா, அந்தச் சமையலறை எங்கேருந்து வந்துச்சுன்னு நாளைக்கு என்னைக் கேப்பாங்க."

பதினான்கு ஜன்னல்களும் சரி என்று கையெழுத்துப் போட்டார், பின்போர்ஷனைப் பற்றித் தனியாக ஒரு குறிப்பும் எழுதிக்கொண்டார். எங்கள் கம்பெனிக்கு முழுப் பணமும் வந்தது. எனக்கு ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு டாலர் வந்தது. மறுவாரம் செனாய்தாவுக்கு நகர அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அனுமதியில்லாத குடியிருப்பை முப்பது நாளுக்குள் அகற்ற வேண்டும். தவறினால் நாளுக்கு நூற்றைம்பது டாலர் அபராதம். துன்யா குடும்பம் ஆகஸ்டில் காலி செய்தது. அடுப்பு மேடையையும் குளியலறையையும் இடித்துக் குழாய்களை அடைக்க இரண்டாயிரத்து அறுநூறு ஆனது. இடிக்க நான் இரண்டு ஆள் கூட்டிப்போனேன். கூலி வேண்டாம் என்றேன். செனாய்தா என்னைத் திட்டவில்லை. படத்தில் அந்த வார்த்தை எப்படி வந்தது என்றும் கேட்கவில்லை. காப்பி மட்டும் தரவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி போன் செய்து வரச் சொன்னார். மேஜையில் புது வரி பில் இருந்தது. நாலாயிரத்து எண்ணூற்று எண்பத்தேழு டாலர். வரி அலுவலகத்தில் தப்பு செய்திருக்கிறார்கள், சட்டத்தை மீறியிருக்கிறார்கள், அங்கே எந்தக் கவுன்ட்டரில் போய்க் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடு என்றார். பில்லின் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டு வைத்திருந்தார். 912, அதற்கு மூன்று சதவீதம் 27, மொத்தம் 939. அடியில் இரண்டு கோடு.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பில்லின் நடுவில் விரலை வைத்து, இது மேல்பாதி என்றேன். அதோடு குப்பை, வடிகால் கட்டணங்களைச் சேர்த்தும் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதுதான். அவர் கணக்கு ஒரு டாலர்கூடப் பிசகவில்லை. பிறகு விரலைக் கீழே இறக்கினேன். வேலி எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது, குப்பைக் கட்டணத்துக்கு அது ஏன் பொருந்தாது, ஜன்னல் தவணை ஏன் குப்பைக் கட்டணத்தின் அடுத்த வரியில் வருகிறது என்று சொன்னேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். தொழிற்சாலையில் புது மிஷின் வந்தால் இப்படித்தான் கேட்டிருப்பார் என்று நினைத்தேன்.

"புரிஞ்சுதா?" என்றேன்.

"நல்லாப் புரிஞ்சுது. ரெண்டு நிமிஷம்கூட ஆகல." பில்லை மடித்தார். "மார்ச் மாசம் இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கண்ணாடிக்கு அரைமணி நேரம் சொன்னே."

மடித்த பில்லை என் பக்கம் தள்ளினார்.

"அந்தப் பயல் விக்க வந்தவன். அவன் சொல்ல மாட்டான், எனக்கே தெரியும். உன்னைத்தான் நான் பாத்துக்கிட்டிருந்தேன். தப்பா இருந்தா இவன் சொல்லுவான்னு." அவர் குரல் உயரவில்லை. "சொல்ல வேண்டியதைச் சொல்லல. எழுத வேணாததை எழுதி வெச்சே. அதுவும் அச்சடிச்ச மாதிரிக் கையெழுத்துல."

அதற்குப் பிறகு என்னால் முடிந்ததை எல்லாம் செய்தேன் என்று சொல்லிக்கொள்வதில் பொருள் இல்லை, இருந்தும் செய்தேன். ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கையெழுத்துப் போட்ட பிறகு மூன்று வேலை நாள்தான் அவகாசம். எட்டு மாதம் ஓடியிருந்தது. இலவச வக்கீல் ஒருவரிடம் கூட்டிப்போனேன். அவர் அந்த போன் உரையாடலின் பதிவை வரவழைத்துப் போட்டுக் காட்டினார். பதினொரு ஆமாமும் தெளிவாகக் கேட்டன. வீட்டின்மேல் சின்னதாக ஒரு வங்கிக் கடன் வாங்கலாமா என்று பார்த்தோம். இந்தத் தவணை வரி என்பதால் வரிசையில் முதலில் நிற்கும், வங்கி அதற்குப் பின்னால்தான் நிற்க முடியும், அந்த இடத்தில் நிற்க எந்த வங்கிக்கும் விருப்பமில்லை. யோஸ்வெல் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போய்க் கூரை விற்றுக்கொண்டிருந்தான். போன் செய்தேன். "நான் பொய் சொன்னேனா, பார்ட்னர்? ஒரு வார்த்தை சொல்லு, எது பொய்?" என்றான்.

இதையும் சொல்ல வேண்டும்: ஜன்னல்கள் செய்ய வேண்டியதைச் செய்தன. இன்சூரன்ஸ் கட்டணம் வருடத்துக்கு அறுநூறு டாலர் குறைந்தது. மின்சார பில் மாதம் இருபத்தைந்து குறைந்தது. இரண்டையும் கூட்டினால் தொள்ளாயிரம். பின்போர்ஷன் வாடகை வந்துகொண்டிருந்தால் மிச்சத்தை அதிலிருந்து கட்டியிருக்கலாம். முக்கி முனகியாவது இருபது வருடமும் ஓட்டியிருக்கலாம். வருடத்துக்குப் பத்தாயிரத்து இருநூறு டாலர் வாடகையை நிறுத்தியது கட்டத்தில் நான் நிரப்பிய ஒரு வார்த்தை.

முதல் வருடத்து வரியை, சாவுச் செலவுக்கென்று வைத்திருந்த பணத்தில் கட்டினார். நவம்பரிலேயே, தள்ளுபடியோடு. இரண்டாவது வருடத்து பில் வந்தபோது கட்ட எதுவும் இல்லை. இனி என்ன நடக்கும் என்று கேட்டார், சொன்னேன். மார்ச் கடைசி வரை சும்மா இருப்பார்கள். பிறகு வட்டி ஏறும். ஜூனில் அந்த வரி பாக்கியை ஏலம் விடுவார்கள். முன்பின் தெரியாத யாரோ அவருக்காக வரியைக் கட்டிவிட்டு, வட்டிக்கு உரிமை வாங்கிக்கொள்வார்கள். இரண்டு வருடத்தில் பாக்கி தீராவிட்டால் அந்த ஆள் வீட்டையே ஏலத்துக்குக் கேட்கலாம்.

"அப்போ இன்னும் ரெண்டு வருஷத்துக்கு மேல உள்ள இருக்கலாம்" என்றார்.

"இருக்கலாம். ஆனா கடைசில கைக்கு ஒண்ணும் வராம போகலாம்."

ஒரு வாரம் யோசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, தன் சாமான்களைத் தெருவில் வேறு யாரும் எடுத்துவைக்க வேண்டியதில்லை, தானே விற்றுவிடுவதாகச் சொன்னார். கென்டக்கியில், லூயிவில் நகரத்தில் அவருடைய தம்பி மகள் இருந்தாள். வாடகை கட்டுப்படியாகவில்லை என்று ஹயலியாவிலிருந்து நிறையப் பேர் அங்கே போய்க்கொண்டிருந்த காலம் அது. அவளும் அப்படிப் போனவள்தான். பனி பெய்யும் ஊர். செனாய்தாவிடம் ஒரு கம்பளிக் கோட்டுகூட இல்லை.

வாங்க வந்தது வீடுகளை வாங்கி வாடகைக்கு விடும் ஒரு கம்பெனி. ஜன்னல் கடன் வீட்டோடு போகும், புதிய சொந்தக்காரர் கட்டிக்கொள்வார் என்று யோஸ்வெல் சொல்லியிருந்தான். காகிதத்தில் அது உண்மைதான். ஆனால் எந்த வாங்குபவனும் அடுத்தவனின் தவணையோடு வீட்டை வாங்க மாட்டான். விலையிலிருந்து முழுதாகக் கழித்துக்கொள்வான். முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் கழிந்தது. மிஞ்சிய தொகை சின்னது இல்லை என்று யாராவது சொல்லலாம். அந்தத் தொகைக்கு ஹயலியாவில் ஒரு வீடு கிடைக்காது.

பிப்ரவரியில் பத்திரம் முடிக்கும் நாளில் என்னையும் வரச் சொன்னார். எல்லாம் இங்கிலீஷில் இருக்கும், படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றார். பத்திர அலுவலகத்தில் ஸ்பானிஷ் பேசும் பெண் இருந்தாள். அவளை உட்காரச் சொல்லிவிட்டார். "இவன் சொல்லட்டும். இவன் நல்லா விளக்குவான்" என்றார். அதில் கேலி எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு பக்கமாகச் சொன்னேன். வீட்டின் எல்லை எப்படி எழுதப்பட்டிருக்கிறது, இந்த வருடத்து வரியில் அவருடைய பங்கு எத்தனை நாளுக்கு, ஜன்னல் கடனின் அசல் எவ்வளவு, இன்றைய தேதி வரை வட்டி எவ்வளவு, முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணம் எவ்வளவு. எந்த வரியையும் தாண்டவில்லை. சின்ன எழுத்துகளையும் படித்தேன். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. வீட்டை வாங்கும் கம்பெனியின் ஆள் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். செனாய்தா அவசரப்படவில்லை. இரண்டு இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டார். இரண்டும் சரியான கேள்விகள். ஒரு இடத்தில் வட்டியை இரண்டு நாள் கூடுதலாகப் போட்டிருந்ததை அவரே கண்டுபிடித்தார். பதினேழு டாலர். அதைத் திருத்தி அச்சடித்துக் கொண்டுவந்தார்கள்.

"இப்ப எல்லாமே புரியுது" என்றார் என்னிடம். "ஒரு எழுத்துகூட விடாம. புரியாம போட்ட அதே கையெழுத்தைத்தான் புரிஞ்சும் போடப்போறேன்."

பேனாவை வாங்கி முதல் பக்கத்தில் போட்டார். பிறகு எங்கே என்று கேட்டார். நான் விரலை வைத்துக் காட்டினேன்.